கொள்கையளவில் சம்மதம்



“சம ஊதியத்துக்குச் சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆகிறதே, இன்னும் எதற்காக இந்தப் போராட்டம்?” என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த மாதம் என் பக்கம் முழுவதையும் அவருக்கே கொடுக்கிறேன்.

அவர் சொல்லும் கணக்கு சரிதான். பிரிட்டனின் சம ஊதியச் சட்டம் 1975 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அதே ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டம் பிறந்தது. 1976இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி முழுச் சட்டமானது. இங்கே நான் முக்கியமாகச் சொல்லப்போவது பிரிட்டனின் கதையை. அங்கே பெண்கள் எப்போது கேட்டார்கள், அரசு என்ன பதில் சொன்னது என்பதெல்லாம் நூறாண்டுக்கும் மேலாகத் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கிறது. அதை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒன்று பளிச்சென்று புலப்படும். பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதுதான் நியாயம் என்று அடித்துப் பேசிய அரசுகள் குறைவு. “கொள்கையளவில் சம்மதம், ஆனால் இப்போது முடியாது” என்றுதான் மாறி மாறி வந்த அரசுகள் சொல்லிக்கொண்டிருந்தன. முடியாது என்பவரோடு சண்டை போடலாம். சரி என்று தலையாட்டிவிட்டுத் தள்ளிப்போடுகிறவரை என்ன செய்வது? அந்தப் பெண்களின் பாடு இதுதான்.

1888இலேயே பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டில் கிளெமென்டினா பிளாக் கொண்டுவந்த சம ஊதியத் தீர்மானம் நிறைவேறியது. 1918 ஆகஸ்டில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டன் பஸ்களிலும் டிராம்களிலும் கண்டக்டராக இருந்த பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆண்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் போர்க்கால போனஸ். அதே வண்டியில், அதே டிக்கெட் கிழிக்கும் பெண்களுக்குக் கிடையாது. வேலைநிறுத்தம் சுரங்க ரயில்வரை பரவியதும் போனஸ் வந்தது. சம ஊதியம் என்ற கொள்கையை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

1936 ஏப்ரல் 1. அரசு ஊழியர்களான பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டும் என்று எலன் வில்கின்சன் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த திருத்தம் 156க்கு 148 என்ற கணக்கில் ஜெயித்துவிட்டது. பிரதமர் பால்ட்வின் என்ன செய்தார்? சில நாட்களிலேயே அதை அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றினார். ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கு ஆட்சியைக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஜெயித்தது தோற்றது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜெர்மன் குண்டுவீச்சில் காயம்பட்ட பொதுமக்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. அதிலும் பெண்ணுக்கு வாரத்துக்கு ஏழு ஷில்லிங் குறைவு. கால் போனால் ஆணின் காலுக்கு ஒரு விலை, பெண்ணின் காலுக்கு வேறு விலை. மேவிஸ் டேட், எடித் சம்மர்ஸ்கில் போன்ற பெண் உறுப்பினர்கள் கட்சி வேறுபாட்டை மறந்து இதற்காக வருடக்கணக்கில் போராடி, 1943இல்தான் சமமாக்கினார்கள். சம்பளக் கதையில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த வெற்றியின் சூட்டோடுதான் 1944 ஜனவரியில் சம ஊதியப் பிரச்சாரக் குழு உருவானது; மேவிஸ் டேட் அதன் தலைவரானார்.

அதே 1944 மார்ச் 28. கல்வி மசோதா விவாதத்தில் இருந்தது. பெண் ஆசிரியைகளுக்கு அன்று ஆண்களின் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே வகுப்பு, அதே பாடம், அதே எண்ணிக்கையில் பிள்ளைகள். ஆசிரியர்களுக்கு ஆண், பெண் பேதமில்லாத சம்பளம் என்று ஒரு திருத்தத்தை தெல்மா காஸலெட்-கெய்ர் கொண்டுவந்தார். அவர் பிரதமர் சர்ச்சிலின் சொந்தக் கட்சிக்காரர். வாக்கெடுப்பில் 117க்கு 116. ஒரே ஒரு ஓட்டில் ஆசிரியைகள் ஜெயித்தார்கள்.

மறுநாளே சர்ச்சில் அவைக்கு வந்தார். பிரான்ஸ் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்க இன்னும் பத்து வாரம்தான் இருந்தது. அந்த நேரத்தில், ஆசிரியைகளின் சம்பளத் திருத்தத்தை நீக்கும்வரை விடமாட்டேன், இது என் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு என்றார். மார்ச் 30 அன்று 425க்கு 23 என்ற கணக்கில் அந்தத் திருத்தம் தூக்கி எறியப்பட்டது. யுத்தத்தை நடத்துகிற அரசைக் கவிழ்க்க யாருக்குத்தான் துணிவு வரும்? அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஹிட்லரை எதிர்க்கும் அரசு, ஆசிரியைக்கு அந்த ஐந்தாவது பங்கைக் கொடுத்தால் ஆட்டம் கண்டுவிடுமா?

பிறகு வழக்கமான மருந்து: விசாரணைக் குழு. ராயல் கமிஷன் அமைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து 1946இல் அறிக்கை வந்தது. அரசு வேலையில் சம ஊதியம் கொடுக்கலாம் என்றது. ஆலைகள், தொழிற்சாலைகள் விஷயத்தில் கைவிரித்தது. குழுவிலிருந்த மூன்று பெண்கள் அதை ஏற்காமல் தனியாக மாற்றுக் கருத்து எழுதினார்கள். தொழிற்கட்சி ஆட்சியின் நிதியமைச்சர் ஹியூ டால்டன் 1947இல் கொள்கையை ஏற்றுக்கொண்டு, நாட்டின் பணநிலைமை இடம் கொடுக்கவில்லை என்றார். 1951இல் அதே ஆட்சியின் இன்னொரு நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் விலைவாசியைக் காரணம் காட்டினார். தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தும் பதில் மாறவில்லை என்பதற்காகத்தான் இருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

1954 மார்ச் 9 அன்று நான்கு பெண் உறுப்பினர்கள் குதிரை வண்டிகளில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கினார்கள். தொழிற்கட்சியின் பார்பரா காஸில், எடித் சம்மர்ஸ்கில். கன்சர்வேடிவ் கட்சியின் ஐரீன் வார்டு. அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சியின் பட்ரீசியா ஃபோர்டு. அவர்கள் கொண்டுவந்தது 80,000 பேர் கையெழுத்திட்ட சம ஊதிய மனு. அடுத்த ஜனவரியில் நிதியமைச்சர் ஆர்.ஏ. பட்லர் பணிந்தார். அரசு ஊழியர்களுக்கு ஏழு தவணையில், 1961 ஜனவரிக்குள் முழுச் சம ஊதியம்; ஆசிரியைகளுக்கும் அதே வழியில் 1961இல் வந்துசேர்ந்தது. இந்தப் பட்லர் யார் தெரியுமா? 1944இல் அதே கல்வி மசோதாவைக் கொண்டுவந்தவர். ஆசிரியைகள் ஒரு ஓட்டில் ஜெயித்தபோது ராஜினாமா செய்வேன் என்று மிரட்டியவர். பதினோரு வருடத்தில் நியாயம் மாறிவிடவில்லை. கேட்ட குரல்கள் பெருகியிருந்தன, அவ்வளவுதான்.

அந்த வெற்றியிலும் ஓட்டை இருந்தது. பெண்கள் மட்டுமே பார்க்கும் வேலைகள் அதில் சேரவில்லை. டைப்பிஸ்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவில் ஆணே இல்லையென்றால் யாரோடு ஒப்பிட்டுச் சமம் என்பது? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாசகரே. வழக்குமன்றங்கள் இன்றுவரை இதைச் சுற்றித்தான் அலைகின்றன.

இனி டேகனம். கிழக்கு லண்டனில் ஃபோர்டு கார் தொழிற்சாலை. 1968இல் அங்கே 187 பெண்கள் கார் இருக்கைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் வேலைகளையெல்லாம் மறுபடி தரம் பிரித்தபோது தையல்காரப் பெண்களை ‘பி’ பிரிவில் போட்டது; அதாவது அதிகத் திறமை தேவைப்படாத வேலை. அதிலும் அந்தப் பிரிவு ஆணின் கூலியில் 85 சதவீதம்தான் அவர்களுக்கு. இத்தனைக்கும் மெஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டித் தேறினால்தான் அந்த வேலைக்கே எடுப்பார்கள். வேலைக்குச் சேர்க்கும்போது தேர்வு வைக்கிற நிறுவனம், சம்பளம் போடும்போது இதில் திறமை எதுவும் இல்லை என்கிறது.

தையல் தெரிந்தவர்களுக்கு இதன் அநியாயம் இன்னும் நன்றாகப் புரியும். கனமான துணியை வளைவுக்கு வளைவு திருப்பி, தையல் நேராக ஓடும்படி வேகத்தில் தள்ள வேண்டும். கவனம் பிசகினால் ஊசி விரலில் இறங்கும். பெண் குழந்தைகள் வீட்டிலேயே கற்றுக்கொள்ளும் கை வேலை என்பதால் அது திறமைக் கணக்கில் வரவில்லை.

ஜூன் 7 அன்று அவர்கள் மெஷின்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ரோஸ் போலண்ட் முன்னணியில் நின்றார். கொஞ்ச நாளில் இருக்கை உறைகள் தீர்ந்தன. இருக்கை இல்லாமல் கார் எப்படி வெளியே போகும்? முழுத் தொழிற்சாலையும் நின்றது. மூன்று வாரம் கழித்து வேலைவாய்ப்பு அமைச்சர் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பேசினார். அமைச்சர் வேறு யாருமில்லை, குதிரை வண்டியில் மனு கொண்டுவந்த அதே பார்பரா காஸில். கூலி 92 சதவீதமாக உயர்ந்தது. சம ஊதியத்துக்குச் சட்டம் கொண்டுவருவோம் என்ற உறுதியும் கிடைத்தது. 1970 மே மாதம் அந்தச் சட்டம் நிறைவேறியது.

வரலாற்று நூல்கள் இதைப் பெரிய வெற்றியாகச் சொல்கின்றன. வெற்றிதான். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது தங்கள் வேலையைத் திறமையான வேலை என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி. ‘பி’யிலிருந்து ‘சி’ பிரிவுக்கு மாற்றச் சொல்லி. அது 1968இல் கிடைக்கவில்லை. 1984இல் இன்னொரு முறை ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கிடைத்தது. பதினாறு வருடம்!

சட்டத்தின் கதைக்கு வருவோம். 1970இல் நிறைவேறிய சட்டத்தை நடைமுறைப்படுத்த 1975 இறுதிவரை முதலாளிகளுக்கு அவகாசம் கொடுத்தார்கள். ஐந்தரை வருட அவகாசத்தில் சில நிறுவனங்கள் சம்பளத்தைச் சரிசெய்தன. சில நிறுவனங்கள் வேலைகளைப் பிரித்து ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பெயரை மாற்றி வைத்தன. சட்டம் ‘ஒரே மாதிரியான வேலை’க்குத்தானே சம ஊதியம் கேட்கிறது? வேலையையே வேறாக்கிவிட்டால் கேள்வியே இல்லை. நிறுவனம் தானாகவே முன்வந்து வேலைகளை மதிப்பிட்டிருந்தால்தான் வேறுவேறு வேலைகளை ஒப்பிட முடியும். இது போதாது என்று 1982இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வேறு வழியில்லாமல் ‘சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்’ என்ற விதியைத் தாட்சர் அரசு கொண்டுவந்தது. 1983 ஜூலையில் ஓர் இரவு அதை அவையில் முன்வைத்தவர் ஆலன் கிளார்க் என்ற இளநிலை அமைச்சர். நிதானமில்லாத நிலையில் ஓர் அமைச்சர் அவைக்கு வருவது அவமரியாதை என்று உறுப்பினர் கிளேர் ஷார்ட் எழுந்து கண்டித்தார். அன்று மாலை தாம் ஒயின் சுவைக்கும் விருந்திலிருந்து வந்ததைக் கிளார்க்கே பிற்பாடு தம் நாட்குறிப்பில் எழுதினார். லட்சக்கணக்கான பெண்களின் கூலி பற்றிய விதிக்கு அரசு கொடுத்த மரியாதை அது.

ஆனாலும் விதி வந்துவிட்டது. அதை முதலில் பிடித்துக்கொண்டு ஜெயித்தவர் ஒரு சமையல்காரர். பிர்க்கென்ஹெட் நகரில் கேமல் லேர்ட் கப்பல் கட்டும் தளத்தின் கேன்டீனில் சமைத்த ஜூலி ஹேவர்டு. கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர், தச்சர், வெப்பக் காப்பு வேலை செய்பவர் ஆகிய மூன்று ஆண்களின் வேலைக்கு என் சமையல் எந்த விதத்தில் குறைச்சல் என்று அவர் கேட்டார். தீர்ப்பாயம் ஒரு நிபுணரை அனுப்பியது. அவர் நான்கு வேலைகளையும் பக்கத்திலிருந்து பார்த்தார். உடல் உழைப்பு எவ்வளவு, வேலையிடம் எப்படிப்பட்டது, திட்டமிட்டு முடிவெடுக்க வேண்டியது எவ்வளவு, திறமையும் அறிவும் எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக மதிப்பிட்டார். பெரிய சமையற்கட்டில் நின்றவர்களுக்குத் தெரியும்: அடுப்புச் சூடு, தூக்கி இறக்கும் பாத்திரத்தின் கனம், இத்தனை மணிக்கு இத்தனை பேருக்குச் சாப்பாடு தயாராக வேண்டும் என்ற கணக்கு. சம மதிப்புதான் என்றார் நிபுணர். 1984இல் தீர்ப்பாயம் ஹேவர்டு பக்கம் நின்றது. உனக்குக் கிடைக்கும் சாப்பாட்டையும் விடுமுறையையும் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும் என்று நிறுவனம் விடாமல் வாதாடியது; ஹேவர்டு மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபை வரை போனார், கடைசியில் 1988இல் நிறுவனம் தோற்றது.

என்னைக் கேட்டால், இந்த வரலாற்றின் இதயம் இந்த வழக்குதான். டைப்பிஸ்டுகளைத் தடுத்து நிறுத்திய அந்தப் பழைய கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. பக்கத்து மேஜையில் ஆண் இல்லாவிட்டால் என்ன? அடுத்த கொட்டகையில் இருக்கும் ஆணின் வேலையோடு எடை போட்டுப் பார்.

அதன் பலனைப் பெரிய மாநகராட்சிகள் பிறகு உணர்ந்தன. குப்பை வண்டியில் போன ஆண்களுக்கு போனஸ். அதே நிலைப் பணியில் பள்ளிகளில் சமைத்த, கட்டடங்களைச் சுத்தம் செய்த, முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரித்த பெண்களுக்கு இல்லை. பர்மிங்ஹாம் பெண்கள் 2012இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்கள். கிளாஸ்கோவில் 2018 அக்டோபரில் 8,000 பெண்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை அள்ளும் ஆண்களில் பலர் அந்தப் பெண்களின் மறியலைத் தாண்டி வேலைக்குப் போக மறுத்தார்கள். யாரோடு ஒப்பிட்டு வழக்கு நடந்ததோ அந்த ஆண்களே கூட நின்றது மனதை நிறைக்கிறது. அடுத்த ஜனவரியில் சுமார் 50 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தமானது.

பர்மிங்ஹாம் மாநகராட்சி 2023 செப்டம்பரில் புதிய செலவுகளை நிறுத்தும் அறிவிப்பை வெளியிட்டது. நடைமுறையில் அது திவால் அறிவிப்புதான். நிலுவையிலிருந்த சம ஊதியப் பாக்கி அதற்கு முக்கியக் காரணம். அப்போது பலர், பெண்கள் சம்பளம் கேட்டு ஊரையே திவாலாக்கிவிட்டார்கள் என்று பேசினார்கள். இந்தப் பேச்சை என்னால் ஏற்கவே முடியாது. மாதாமாதம் கொடுத்திருந்தால் சிறு தொகை. வருடக்கணக்கில் பிடித்து வைத்தது யார்? அந்தக் காலமெல்லாம் நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தைத் தாங்கியது சமையல்காரர்களின், ஆயாக்களின் கொடுபடாத கூலி. கடன் கொடுத்தவரைக் குற்றவாளியாக்கலாமா?

இடையில் இன்னொரு தடையும் வந்துபோனது. 2013இல் பிரிட்டிஷ் அரசு வேலைத் தீர்ப்பாயங்களில் வழக்குப் போடக் கட்டணம் விதித்தது. சம ஊதிய வழக்கென்றால் மொத்தம் 1,200 பவுண்டு. சம்பளம் குறைவு என்று முறையிட வருகிறவளிடம்! 2017இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று அடித்துவிட்டது. அதே ஆண்டு 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. 2024 கணக்கில் பகுதிநேரப் பணியாளர்களையும் சேர்த்து நாடு முழுவதும் அந்த இடைவெளி 13.1 சதவீதம்.

நம் பக்கம் எப்படி? நம் அரசியல் சட்டத்தின் 39ஆவது பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று வழிகாட்டுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கிய மக்கின்னான் மக்கன்சி கப்பல் நிறுவனத்தின் பெண் ஸ்டெனோகிராஃபர் ஆட்ரி டி’கோஸ்டா, ஆண் ஸ்டெனோகிராஃபர்களைவிடத் தனக்குக் குறைவு என்று வழக்காடி 1987இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். எங்களுக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்ற நிறுவனத்தின் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. பிரிட்டிஷார் உண்டாக்கிய இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்களின் நாட்கூலி ஆண்களுக்குச் சமமானது 1984இல், தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. டேகனம் பெண்கள் ‘சி’ பிரிவுக்காக மறுபடி வெளியே வந்ததும் அதே ஆண்டுதான்.

ஆனால் இந்தியாவில் நம் சட்டம் இன்னும் ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ என்ற இடத்திலேயே நிற்கிறது. 1976 சட்டம் இப்படித்தான் சொன்னது. அதை உள்வாங்கிக்கொண்ட 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் இப்படியே சொல்கிறது. சம மதிப்புள்ள வேலை என்ற சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1958இலேயே ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது. கையெழுத்திட்டதைச் சட்டத்தில் எழுதவில்லை. நமக்கும் அந்தக் ‘கொள்கையளவில் சம்மதம்’ என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. ஜூலி ஹேவர்டு இந்தியாவில் சமைத்திருந்தால், தச்சரோடு தன்னை ஒப்பிட்டு ஜெயித்திருக்க வழியில்லை.

கேள்வி கேட்ட வாசகரே, உங்களுக்கு என் பதில் இதுதான். சட்டம் வந்தது உண்மை. வந்த நம் சட்டத்தில் பெண்ணின் வேலையை எடைபோடும் தராசு இன்னும் இல்லை. ‘சம மதிப்புள்ள வேலை’ என்பதைச் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி என்பது நம் ஊர் வழக்கம். சித்தாள் என்றால் அநேகமாகப் பெண். காலையிலிருந்து கலவைச் சட்டியும் செங்கல்லும் சுமந்து சாரம் ஏறுகிறவர். அடுத்த முறை உங்கள் வீட்டில் வேலை நடக்கும்போது, மேஸ்திரி மொத்தத் தொகையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டு விடாதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஏன் அந்த வித்தியாசம் என்றும் கேளுங்கள். வித்தியாசத்தை நீங்களே கொடுத்துச் சரிசெய்ய முடிந்தால் செய்யுங்கள். என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்